முதலில் கட்டுங்கள், அப்புறம் சண்டை போடுங்கள்

கேள்வி:

ஐயா, கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் பக்கம் 140 வீடுகள் உள்ள டவுன்ஹவுஸ் குடியிருப்பில் ஐந்து வருடமாகச் சொந்த வீட்டில் இருக்கிறோம். ஜனவரியில் எச்ஓஏ, அதாவது வீட்டுக்காரர் சங்கம், மாதக் கட்டணத்தை 385 டாலரில் இருந்து 455 ஆக ஏற்றினார்கள். யாரிடமும் ஓட்டுக் கேட்கவில்லை. பிப்ரவரியில், பால்கனி மராமத்துக்காக வீட்டுக்கு 1,200 டாலர் ஸ்பெஷல் அசெஸ்மென்ட் (மாதக் கட்டணத்துக்கு மேல் தனி வசூல்) என்று ஒரு கடிதம் வந்தது. ஆகஸ்ட் கடைசிக்குள் கட்ட வேண்டுமாம். மார்ச்சில் என் தங்கையின் வளைகாப்பை கிளப்ஹவுஸில் நடத்தினோம். வாடகை 300, டெபாசிட் 500. கார்ப்பெட்டில் சந்தனம் கொஞ்சம் சிந்தியது உண்மைதான். ஆனால் முழு டெபாசிட்டையும் பிடித்துக்கொண்டு, விருந்தினர் அதிகம் என்று 250 டாலர் அபராதமும் போட்டுவிட்டார்கள்.

என் கணவருக்குப் பொறுக்கவில்லை. நியாயம் கிடைக்கிறவரை ஒரு பைசா கட்ட மாட்டேன் என்று ஏப்ரலில் ஆட்டோபேயை நிறுத்திவிட்டார். பணம் வேறு கணக்கில் பத்திரமாக இருக்கிறது. நான்கு மாதம் ஆகிவிட்டது. ஜூலையில் எங்கள் ஃபாப்பை (கேட் திறக்கும் மின்சாவி) அணைத்துவிட்டார்கள். நீச்சல்குளம் மட்டுமல்ல, வாசல் கேட்டும் திறக்கவில்லை. ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனாரும் மாமியாரும் காலை நடை போய்விட்டு, யாராவது கார் வரட்டும் என்று கேட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். ஐந்து நாள் முன்பு சர்டிஃபைட் மெயிலில் கடிதம்: 30 நாளில் 2,520 டாலர் கட்டாவிட்டால் வீட்டின் மேல் லீன் (பாக்கிக்காக வீட்டின் மேல் போடும் உரிமைப் பிடிப்பு) பதிவார்களாம். போதாததற்கு, 16 வயதுக்கு உட்பட்டவர்கள் மாலை 5 மணிக்கு மேல் குளத்தில் இறங்கக் கூடாது என்று புதிதாக ஒரு பலகை. நாங்கள் செய்தது தப்பா? இனி என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் ஒரு கடிதத்துக்குள் ஏழு சண்டைகள் இருக்கின்றன. நான்கில் நியாயம் முழுக்க உங்கள் பக்கம். இரண்டில் பாதி உங்கள் பக்கம். ஒன்றில் இல்லை. இந்தக் கணக்கைப் பார்த்தால் நீங்கள் தைரியமாக இருக்கலாம். ஆனால் ஏப்ரலில் ஆட்டோபேயை நிறுத்திய அந்த ஒரு காரியம், ஜெயிக்கக்கூடிய நான்கையும் மூழ்கடித்துவிடும். அதனால் அதை முதலில் பேசிவிடுவோம். உங்கள் கணவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு படியுங்கள்.

அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. கடைக்காரர் கெட்டுப்போன சாமான் கொடுத்தால் காசு கொடுக்க மாட்டோம். அதே நியாயம் இங்கேயும் செல்லும் என்று நினைக்கிறார். எச்ஓஏ கட்டணம் அந்த வகைப் பணம் இல்லை. குளத்துக்கும் கிளப்ஹவுஸுக்கும் நீங்கள் கொடுக்கும் வாடகை என்று அதை நினைக்கக் கூடாது. கூரைக்கும் இன்ஷூரன்ஸுக்கும் சாலைக்கும் 140 வீட்டுக்காரர்களும் போடும் பங்கு அது. எச்ஓஏயை நடத்தும் போர்டு எவ்வளவு மோசமாக நடந்துகொண்டாலும், அதைக் காரணம் காட்டிப் பங்கை நிறுத்திவைக்கும் உரிமை வீட்டுக்காரருக்குக் கிடையாது. கலிஃபோர்னியா அப்பீல் கோர்ட் 1994-ல் பார்க் பிளேஸ் எஸ்டேட்ஸ் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு, "அவர்கள் கடமையைச் செய்யவில்லை, அதனால் நான் கட்டவில்லை" என்ற வாதத்தோடு யார் வந்தாலும் நான் முதலில் செக் புத்தகத்தைத்தான் எடுக்கச் சொல்கிறேன்.

இப்போது உங்கள் கணக்கைப் பாருங்கள். மாதம் 455, நான்கு மாதம்: 1,820 டாலர். கலிஃபோர்னியாவில் எச்ஓஏக்களை ஆளும் சட்டம் டேவிஸ்-ஸ்டெர்லிங் சட்டம், 1985-ல் வந்தது. கட்டணப் பாக்கிக்காக வீட்டையே ஏலத்துக்குக் கொண்டுபோவதற்கு அது ஒரு வரம்பு வைத்திருக்கிறது: லேட் ஃபீ, வட்டி, வக்கீல் செலவு எல்லாம் நீக்கி, அசெஸ்மென்ட் பாக்கி, அதாவது கட்டணப் பாக்கி, மட்டும் 1,800 டாலரை எட்ட வேண்டும், அல்லது பாக்கி 12 மாதத்தைத் தாண்ட வேண்டும். இரண்டில் ஒன்று போதும். மூன்று மாதத்தோடு நிறுத்தியிருந்தால் 1,365-ல் இருந்திருப்பீர்கள். நான்காவது மாதம் உங்களை வரம்புக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டது. வெறும் 20 டாலர்தான், ஆனால் அந்த 20 டாலரில் நீங்கள் நிற்கும் இடமே மாறிவிட்டது. ஆகஸ்டில் அந்த 1,200-ம் கட்டப்படாமல் போனால் அதுவும் இதோடு சேரும், ஸ்பெஷல் அசெஸ்மென்ட்டும் அசெஸ்மென்ட்தான்.

நாளைக்கே வீடு போய்விடும் என்று பயப்பட வேண்டாம். லீன் பதிய போர்டு பகிரங்கக் கூட்டத்தில் ஓட்டெடுத்து முடிவு செய்ய வேண்டும், போர்டுக்காக அன்றாட வேலைகளைப் பார்க்கும் மேனேஜ்மென்ட் கம்பெனி தானாகச் செய்ய முடியாது. அதற்குப் பிறகும் பல படிகள் உண்டு. கோர்ட்டுக்குப் போகாமல் நடக்கும் ஏலத்துக்குப் பிறகுகூட 90 நாள் மீட்கும் உரிமை இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு படியிலும் செலவு ஏறும், அது உங்கள் தலையில்தான் விழும். சில ஆயிரம் டாலர் பாக்கியில் ஆரம்பித்து, வக்கீல் செலவு அதைவிடப் பெரிதாகி நின்ற குடும்பங்கள் என் அலுவலகத்துக்கு வந்திருக்கின்றன. அவர்களில் பலருடைய முதல் புகார் நியாயமானது. கடைசியில் அதைப் பற்றிப் பேசவே யாருக்கும் நேரம் இல்லாமல் போனது.

சரி, எப்படிக் கட்டுவது? இங்கேதான் சட்டம் உங்களுக்கு ஒரு நல்ல வழி வைத்திருக்கிறது. பெயர் "பேமென்ட் அண்டர் ப்ரோட்டெஸ்ட்". ஒப்புக்கொள்ளாமலே கட்டுவது. சிவில் கோட் 5658-வது பிரிவு. கேட்கும் தொகை தவறு என்று நினைத்தால், ஆட்சேபணையை எழுத்தில் சொல்லிக் கட்டிவிட்டு, சின்னத் தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் அதைத் திரும்பக் கேட்கலாம். தனிநபருக்கு அங்கே வரம்பு இப்போது 12,500 டாலர். அங்கே விசாரணையில் உங்களுக்காக வக்கீல் வாதாட முடியாது, அவர்களுக்கும் அதே விதிதான். காகிதத்தை ஒழுங்காக வைத்திருப்பவருக்கு அது சமமான களம்.

அவர்கள் கேட்கும் 2,520 எப்படி வந்தது என்பதைக் கடிதத்தோடு இணைத்த ஸ்டேட்மென்ட்டில் பார்த்தேன். கட்டணப் பாக்கி 1,820. லேட் ஃபீ மாதம் 75 வீதம் 300. கடிதம் அனுப்பிய செலவு 150. வளைகாப்பு அபராதம் 250.

1,820-ஐப் பேச்சில்லாமல் கட்டுங்கள். அது கடன்தான்.

லேட் ஃபீயில் அவர்கள் தப்புச் செய்திருக்கிறார்கள். பாக்கியில் 10 சதவீதம் அல்லது 10 டாலர், இதில் எது அதிகமோ அதுதான் உச்சவரம்பு. 455-க்கு 45 டாலர் 50 சென்ட். நான்கு மாதத்துக்கு 182. அவர்கள் 300 போட்டிருக்கிறார்கள், 118 டாலர் கூடுதல். உங்கள் குடியிருப்பின் விதிப்பத்திரமான சிசி அண்ட் ஆரில் இதைவிடக் குறைவாக எழுதியிருந்தால் அந்தக் குறைந்த தொகைதான் செல்லும். 150 டாலருக்கு ரசீது கேளுங்கள். பாக்கி வசூலிக்க ஆன நியாயமான செலவை அவர்கள் கேட்கலாம், ஆனால் அது நிஜமாக ஆன செலவாக இருக்க வேண்டும். இந்த இரண்டையும், அதாவது 450 டாலரை, ஆட்சேபணையோடு கட்டிவிடுங்கள். தப்பாக இருந்தாலும் ஏன் கட்டச் சொல்கிறேன் என்றால், லேட் ஃபீயும் வசூல் செலவும் லீனுக்குள் வரக்கூடியவை. அந்தக் கதவை முழுக்கச் சாத்திவிட வேண்டும்.

அபராதம் 250-ஐ மட்டும் கட்டாதீர்கள். ஒழுங்கு நடவடிக்கையாகப் போட்ட அபராதத்தை அசெஸ்மென்ட் போல நடத்தி வீட்டை ஏலத்தில் விற்கச் சட்டம் அவர்களை விடாது. அதனால் அதைக் கட்டணப் பாக்கியோடு ஒரே கணக்கில் சேர்த்ததே சரியில்லை. ஆக, செக் 2,270 டாலருக்கு. சட்டப்படி எந்தப் பணம் வந்தாலும் முதலில் அசெஸ்மென்ட் பாக்கியில்தான் வரவு வைக்க வேண்டும், அபராதத்தில் கழித்துக்கொள்ள முடியாது. இருந்தாலும் கடிதத்தில் எந்தத் தொகை எதற்கு என்று வரிவரியாக எழுதிவிடுங்கள். ரசீது கேளுங்கள், கேட்டால் கொடுத்தாக வேண்டும். இதைப் படிக்கும் வேறு யாருக்காவது கையில் மொத்தப் பணம் இல்லை என்றால், லீன் எச்சரிக்கைக் கடிதத்தின் தபால் முத்திரையிலிருந்து 15 நாளுக்குள் தவணை கேட்டு எழுதுங்கள். போர்டு 45 நாளுக்குள் உங்களைச் சந்தித்தாக வேண்டும். உங்களிடம் பணம் இருக்கிறது, அதனால் உங்களுக்கு இது தேவையில்லை.

இனி ஃபாப். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது அதுதான்.

சாவிக்கொத்தில் தொங்கும் ஒரே ஃபாப்பில் குளம், ஜிம், வாசல் கேட் எல்லாவற்றையும் போட்டுவைக்கிறார்கள். கம்ப்யூட்டரில் ஒரு பெயரை அணைத்தால் எல்லாமே அணைந்துவிடுகிறது. வசதிதான், ஆனால் சட்டம் இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. குளம் போன்ற பொது வசதிகளின் உபயோகத்தைப் பாக்கிக்காக நிறுத்திவைக்கலாம், சிசி அண்ட் ஆர் அந்த அதிகாரத்தைக் கொடுத்திருந்தால். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியை அடைக்கவே முடியாது. கோர்ட் உத்தரவோ, கட்டுப்படுத்தும் ஆர்பிட்ரேஷன் தீர்ப்போ இல்லாமல், பொது இடத்தின் வழியாகத் தன் வீட்டுக்குச் செல்வதை எச்ஓஏ தடுக்கக் கூடாது என்று 4510-வது பிரிவு சொல்கிறது. வீட்டுக்காரருக்கு மட்டும் இல்லை, அங்கே குடியிருப்பவருக்கும் அது பொருந்தும். உங்கள் மாமனார் மாமியார் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டிய அவசியமே இல்லை. ஆயிரம் டாலர் பாக்கி இருந்தாலும் சரி, பத்தாயிரம் இருந்தாலும் சரி.

குளத்துக்கும் அவர்கள் முறைப்படி செய்யவில்லை. உங்கள் மேல் எந்த ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதாக இருந்தாலும், குறைந்தது 10 நாள் முன்பே எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். தேதி, நேரம், இடம், நீங்கள் செய்ததாகச் சொல்லும் மீறல், நீங்கள் வந்து பேசலாம் என்ற அறிவிப்பு, எல்லாம் அதில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஹியரிங், அதாவது போர்டு உங்கள் பக்கத்தைக் கேட்கும் விசாரணை. முடிவையும் 14 நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும். 5855-வது பிரிவு. இது நடக்காமல் எடுத்த நடவடிக்கை செல்லாது. உங்கள் கடிதத்தில் ஹியரிங் என்ற பேச்சே இல்லை. திடீரென்று ஒரு காலை ஃபாப் வேலை செய்யவில்லை என்றுதான் இருக்கிறது. அதே 5855-தான் அந்த 250 டாலர் அபராதத்துக்கும்.

அபராதத்துக்கு இன்னொரு தடையும் உண்டு. 2025 ஜூன் கடைசியில் சட்டம் மாறியது. எச்ஓஏ அபராதம் இப்போது ஒரு மீறலுக்கு 100 டாலரைத் தாண்டக் கூடாது. உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ கேடு வரும் மீறல் என்றால் மட்டும் கூடப் போடலாம். அப்போதும் என்ன கேடு என்பதைப் போர்டு பகிரங்கக் கூட்டத்தில் எழுத்தில் பதிய வேண்டும். இதில் உங்களை ஒன்று எச்சரிக்கிறேன். கிளப்ஹவுஸ் சுவரில் தீயணைப்புத் துறை அனுமதித்த ஆள் எண்ணிக்கைப் பலகை இருக்கும். அந்த எண்ணை நீங்கள் தாண்டியிருந்தால் அவர்கள் 'பாதுகாப்பு' என்று வாதிடலாம். வளைகாப்புக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று நேர்மையாக எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணுக்குள் இருந்து, புக்கிங் படிவத்தில் எழுதியதைவிட மட்டும் அதிகம் என்றால், 100-க்கு மேல் போக அவர்களுக்கு வழியில்லை.

டெபாசிட் விஷயத்தில் நீங்களே சொல்லிவிட்டீர்கள், சந்தனம் சிந்தியது என்று. அதைச் சொன்னதற்காக உங்களை மதிக்கிறேன். கார்ப்பெட் சுத்தம் செய்ய ஆன செலவை ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் ஆன செலவு எவ்வளவு? பில் எங்கே? ஒரு கறைக்கு 500 என்றால் ஆள் வந்து சுத்தம் செய்த ரசீது இருக்க வேண்டும். எந்தக் கட்டணமும், அது எதற்காக வசூலிக்கப்படுகிறதோ அந்தச் செலவைத் தாண்டக் கூடாது என்பது 5600-வது பிரிவின் விதி. வாடகை 300-க்கும் இதே கேள்வியைக் கேட்கலாம். பொது இடத்தில் சேதம் செய்ததற்காக உங்களிடம் ஈடு கேட்பதாக இருந்தாலும் அதற்கும் ஹியரிங் தேவை. பில்லைக் காட்டினால் அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தரச் சொல்லுங்கள்.

இனி பணத்தை ஏற்றியது. இதில் உங்கள் கணவர் சொல்வது பாதி தப்பு, பாதி சரி.

385-லிருந்து 455 என்பது 18 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். மாதக் கட்டணத்தை வருடத்துக்கு 20 சதவீதம்வரை போர்டே ஏற்றலாம், வீட்டுக்காரர்கள் ஓட்டுத் தேவையில்லை. வருடாந்தர பட்ஜெட் ரிப்போர்ட்டை முறைப்படி எல்லோருக்கும் அனுப்பியிருக்க வேண்டும். ஏற்றம் அமலாவதற்கு 30 முதல் 60 நாள் முன்பு உங்களுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். இரண்டும் நடந்திருந்தால் அந்த 70 டாலரில் சண்டை போட ஒன்றும் இல்லை. விட்டுவிடுங்கள். நானும் என் குடியிருப்பில் மூன்று வருடம் போர்டில் பொருளாளராக இருந்தவன்தான். சம்பளம் இல்லாத வேலை. இன்ஷூரன்ஸ் பிரீமியம் ஒரே வருடத்தில் எகிறும்போது, கட்டணத்தை ஏற்றாமல் தள்ளிப்போட்ட போர்டுதான் பின்னால் பெரிய தொகையோடு உங்கள் வாசலில் வந்து நிற்கும்.

ஸ்பெஷல் அசெஸ்மென்ட் வேறு கதை. அதற்கு வரம்பு 20 இல்லை, 5. அந்த வருட பட்ஜெட்டின் மொத்தச் செலவில் 5 சதவீதத்தைத் தாண்டினால் வீட்டுக்காரர்களின் ஓட்டு வேண்டும். 140 வீடு, மாதம் 455 என்றால் வருடத்துக்கு 7,64,400 டாலர். பட்ஜெட் ஏறக்குறைய அதுதான் என்று வைத்துக்கொள்வோம். அதில் 5 சதவீதம் 38,220. வீட்டுக்கு 273 டாலர். அவர்கள் கேட்பது வீட்டுக்கு 1,200, மொத்தம் 1,68,000. எந்தக் கணக்கிலும் வரம்புக்கு உள்ளே வராது. 140 வீட்டில் 71 வீடுகளாவது ஓட்டெடுப்பில் கலந்துகொண்டு, அதில் பாதிக்கு மேல் சம்மதித்திருக்க வேண்டும். நடந்ததா? உங்கள் கடிதப்படி நடக்கவில்லை.

ஆனால் இங்கேயே நின்றுவிடாதீர்கள். வரம்புக்கு மூன்று விதிவிலக்குகள் உண்டு: கோர்ட் உத்தரவால் வரும் செலவு, உடலுக்கோ உயிருக்கோ ஆபத்தான நிலை கண்டுபிடிக்கப்பட்டு அதைச் சரிசெய்யும் செலவு, பட்ஜெட் போடும்போது எதிர்பார்த்திருக்க முடியாத அசாதாரணச் செலவு. மூன்றாவதற்குப் போர்டு காரணங்களோடு எழுத்தில் தீர்மானம் போட்டு, அதை உங்களுக்கும் அனுப்பியிருக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் இரண்டாவதுதான் முக்கியம், ஏனென்றால் இது பால்கனி.

2015 ஜூன் 16 அன்று பெர்க்லியில் ஒரு கட்டடத்தின் ஐந்தாவது மாடி பால்கனி அப்படியே இடிந்து தொங்கியது. பிறந்தநாள் கொண்டாட வந்த மாணவர்கள் ஆறு பேர் இறந்தார்கள், ஏழு பேர் படுகாயம். வெளியே பார்க்க நன்றாக இருந்த பால்கனி. உள்ளே தண்ணீர் இறங்கித் தாங்கும் மரம் உளுத்துப்போயிருந்தது. அதன் பிறகு வந்த சட்டப்படி, மூன்று வீடுகளும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்களில் மரத்தால் தாங்கப்பட்ட, உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனிகளையும் படிக்கட்டுகளையும் எச்ஓஏக்கள் இன்ஜினியரையோ ஆர்க்கிடெக்டையோ வைத்துச் சோதிக்க வேண்டும். முதல் சோதனைக்குக் கெடு 2025 ஜனவரி 1. உங்கள் போர்டுக்கு அந்தச் சோதனையில் அழுகிய மரம் தென்பட்டிருந்தால், இது நிஜமான அவசரம். உங்கள் பிள்ளைகளும் அந்தப் பால்கனியில்தான் நிற்கிறார்கள். அப்படியானால் ஓட்டில்லாமல் கேட்டது செல்லும். நீங்கள் இதில் தோற்கவும் கூடும்.

அதனால் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். அதோடு ரிசர்வ் ஸ்டடியையும் கேளுங்கள். குறைந்தது மூன்று வருடத்துக்கு ஒருமுறை நேரில் பார்த்துச் செய்ய வேண்டிய கணக்கு அது: கூரை, பெயின்ட், பால்கனி எல்லாம் எப்போது மாற்ற வேண்டும், அதற்கு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அதில் இருக்கும். இந்த நிதியாண்டின் கணக்குகளை எழுத்தில் கேட்டால் 10 வேலைநாளுக்குள் தர வேண்டும், முந்தைய இரண்டு ஆண்டுகளுக்கு 30 நாள். நகலெடுக்கும் செலவு உங்களுடையது. காரணமில்லாமல் மறுத்தால் ஒவ்வொரு எழுத்துக் கோரிக்கைக்கும் 500 டாலர்வரை அபராதம் கோர்ட்டில் கேட்கலாம். ஆகஸ்ட் கடைசிக்குள் பதில் திருப்தியாக இல்லை என்றால் 1,200-ஐயும் ஆட்சேபணையோடு கட்டிவிட்டு, பிறகு கேளுங்கள். கட்டாமல் மட்டும் இருக்காதீர்கள்.

குளத்துப் பலகை. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் உள்ள குடும்பங்களை வீட்டு விஷயத்தில் பாரபட்சமாக நடத்தக் கூடாது என்று 1968-ன் ஃபேர் ஹவுசிங் சட்டத்தில் 1988-ல் சேர்த்தார்கள். முதியோருக்கென்று முறைப்படி ஒதுக்கிய குடியிருப்புகள் மட்டும் விலக்கு. மாலை 5 மணிக்கு மேல் பெரியவர்கள் மட்டும் என்றால், பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குக் குளமே இல்லை என்று அர்த்தம். பெரியவர் துணையில்லாமல் சின்னப் பிள்ளைகள் இறங்கக் கூடாது என்பது பாதுகாப்பு விதி என்று வாதிடலாம். 15 வயதுப் பெண் அப்பாவோடு வந்தாலும் ஆறு மணிக்கு நீந்தக் கூடாது என்பதற்கு என்ன பாதுகாப்புக் காரணம் சொல்வார்கள்? சத்தம் பிடிக்கவில்லை என்றால் சத்தத்துக்கு விதி போடட்டும், எல்லா வயதினருக்கும். பொது இடத்தை உபயோகிக்கும் விதியை மாற்ற 28 நாள் முன்னறிவிப்பும் தேவை. அந்தக் காகிதம் உங்களுக்கு வந்ததா என்று பாருங்கள். பலகையைத் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். போர்டு மாற்ற மறுத்தால் ஒரு வருடத்துக்குள் மத்திய அரசின் வீட்டுவசதித் துறையான ஹட்டிடம் புகார் கொடுக்கலாம், மாநிலத்தின் சிவில் ரைட்ஸ் டிபார்ட்மென்ட்டிலும் கொடுக்கலாம். இரண்டுக்கும் கட்டணம் கிடையாது.

இத்தனையையும் யாரிடம் சொல்வது? மேனேஜ்மென்ட் கம்பெனியின் போனை எடுக்கும் பெண்ணிடம் கத்தாதீர்கள். அவரால் ஒரு முடிவும் எடுக்க முடியாது, முடிவு போர்டுடையது. போர்டுக்கு எழுத்தில், "இன்டர்னல் டிஸ்பியூட் ரெசல்யூஷன்" கேட்கிறேன் என்று எழுதுங்கள். ஐடிஆர் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நீங்கள் கேட்டால் அவர்கள் மறுக்க முடியாது. போர்டு உறுப்பினர் ஒருவர் உங்களோடு உட்கார்ந்து பேசியாக வேண்டும். உங்களுக்குக் கட்டணம் இல்லை. ஒத்துப்போனதை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் அது கட்டுப்படுத்தும். அந்த மேசைக்குப் போகும்போது பாக்கி பூஜ்யமாக இருக்க வேண்டும். பாக்கி வைத்திருப்பவர் பேச ஆரம்பித்தால், எதிரில் இருப்பவர் காதில் விழுவது பாக்கி மட்டும்தான். இதை இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

ஐடிஆருக்கு நான்கு விஷயம் போதும்: ஃபாப், அபராதம், லேட் ஃபீயில் கூடுதலாக வாங்கிய 118 டாலர், குளத்துப் பலகை. டெபாசிட்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்; அதில் நீங்கள் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் மற்ற நான்கும் எளிதாகும். மாதக் கட்டண ஏற்றத்தைப் பேசவே வேண்டாம்.

பால்கனிப் பணம் உங்கள் ஒருவருடைய பிரச்சினை இல்லை, அதை 140 வீடும் சேர்ந்து கேட்க வேண்டும். அக்கம்பக்கத்தாரைக் கூட்டுங்கள். குடியிருப்பு விஷயங்களையும் எச்ஓஏ தேர்தலையும் பேச வீட்டுக்காரர்கள் கூடுவதற்கு, கிளப்ஹவுஸ் காலியாக இருக்கும் நேரத்தில், வாடகையோ டெபாசிட்டோ கேட்கக் கூடாது என்று 4515-வது பிரிவு சொல்கிறது. வளைகாப்புக்கு 800 டாலர் கொடுத்த அதே கூடத்தில் இதற்கு ஒரு டாலரும் தர வேண்டாம். அடுத்த தேர்தலில் உங்கள் கணவர் போர்டுக்கு நின்றாலும் நல்லது, அவருக்குக் கணக்கு வரும் போலிருக்கிறது. அதற்கும் பாக்கி இல்லாமல் இருப்பது முக்கியம்: பாக்கிக்காக உங்கள் ஓட்டைப் பறிக்க முடியாது, ஆனால் பாக்கி உள்ளவர் வேட்பாளராக நிற்பதை விதிகள் தடுக்கலாம்.

கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிவிட்டது என்கிறீர்கள். 2,270 டாலர் செக்கும் ஆட்சேபணைக் கடிதமும் இந்த வாரமே சர்டிஃபைட் மெயிலில் போகட்டும். ஆட்டோபேயை இன்றே திரும்பப் போடுங்கள், ஆகஸ்ட் கட்டணம் தவறக் கூடாது. கணக்குக் கேட்கும் கடிதமும் ஐடிஆர் கடிதமும் தனித்தனி உறைகளில். கேட் விஷயத்தை மட்டும் தபாலுக்குக் காக்கவைக்காமல் இன்று இரவே போர்டுக்கும் மேனேஜ்மென்ட் கம்பெனிக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். மூன்று வரி போதும்: 4510-வது பிரிவு, ஃபாப் எண், வீட்டில் இருக்கும் பெரியவர்கள் இருவர் என்ற தகவல். மாமனார் நாளைக் காலையிலும் நடக்கப் போவார் அல்லவா.